தாளக்காரர்கள் பேரில் ஒரு குழு

(கோபிசெட்டிபாளையத்தில் மெல்லிசைக் கலைஞர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

இங்கே வந்திருக்கிற முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியும். மேடையில் கூட வாசித்திருப்பீர்கள், இல்லையென்றால் என் மைக் செட்டை வாடகைக்கு எடுத்திருப்பீர்கள். முன்வரிசையில் இருக்கிற தம்பிகள் மட்டும் புதிது. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் படித்துக்கொண்டே ஒரு பேண்ட் நடத்துகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் என் கடைக்கு வந்தார்கள். அவர்களுடைய பாடகருக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். "அண்ணா, அவனை மாதிரியே பாடற ஆள் யாராச்சும் தெரியுமா?" என்று கேட்டார்கள். கடையில் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தோம். நின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இன்றைக்குச் சொல்கிறேன்.

நான் 1986 முதல் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிடார் வாசித்தவன். பேஸ் கிடாருக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று நம் பக்கத்துக் குழுக்கள் நினைக்க ஆரம்பித்ததே இளையராஜா பாட்டுகள் வந்த பிறகுதான். அந்தப் பாட்டுகளில் கீழே ஓடுகிற அந்த வரி இல்லையென்றால் பாட்டே காலில்லாமல் நிற்கிற மாதிரி இருக்கும். அதனால் எனக்குச் சோறு கிடைத்தது. அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகை, மாரியம்மன் பண்டிகைகள், கல்யாண வரவேற்பு, சீர் என்று வருடத்தில் நூறு ராத்திரிக்குக் குறையாமல் மேடை ஏறியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் ஓர் ஆங்கிலக் குழுவின் கதையைச் சொல்லப் போகிறேன். பேர் ஃப்ளீட்வுட் மேக்.

அது எனக்கு எப்படி வந்தது என்றால், திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த என் மச்சானுக்கு ஒரு வெளிநாட்டு பையர் கேசட் ஒன்றைக் கொடுத்திருந்தார். மச்சானுக்கு அதில் ஆர்வமில்லை. "நீ கிடார் வாசிக்கற ஆளு, நீயே வெச்சுக்க" என்று என்னிடம் தள்ளிவிட்டார். 'ரூமர்ஸ்' என்கிற தொகுப்பு. அதில் ஒரு பாட்டு, 'ட்ரீம்ஸ்'. பாட்டு முழுக்க பேஸ் கிடாரில் கிட்டத்தட்ட இரண்டே நோட்டுதான். எஃப், ஜி. மறுபடி எஃப், ஜி. நான் அந்தக் காலத்தில் ஒரு தாள அளவுக்குள் (ஆங்கிலத்தில் 'பார்') எத்தனை நோட்டுத் திணிக்க முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தவன். இந்த மனுசன் நாலு நிமிசத்துக்கு மேல் இரண்டு நோட்டை வைத்துக்கொண்டு நகராமல் நிற்கிறார். ஆனால் மேலே பாடுகிற பெண்ணின் குரல் அலைவது முழுக்க அந்த இரண்டு நோட்டின் மேல்தான். யார் இந்த ஆள் என்று தேட ஆரம்பித்தேன். பேர் ஜான் மெக்வீ. குழுவின் பேரிலேயே அவர் இருக்கிறார். 'ஃப்ளீட்வுட்' என்பது டிரம்ஸ் வாசிக்கிற மிக் ஃப்ளீட்வுட். 'மேக்' என்பது மெக்வீ. பாடகரின் பேரும் இல்லை, லீட் கிடார்காரரின் பேரும் இல்லை. தாளக்காரர் இரண்டு பேரின் பேர்.

வைத்தவர் யார் தெரியுமா? லீட் கிடார்காரர்.

1967, லண்டன். பீட்டர் கிரீன் என்று இருபது வயதுப் பையன். ஜான் மேயால் நடத்திய புளூஸ் குழுவில், அப்போதே பெரிய பேர் வாங்கியிருந்த கிடார்காரர் எரிக் கிளாப்டன் போன இடத்துக்கு வந்தவர். கிளாப்டன் இடத்துக்கு வருவது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். இங்கே எஸ்.பி.பி. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர் இறங்கின மேடையில் மறுநாளே ஏறுகிற மாதிரி. இவர் கிளாப்டன் மாதிரி வாசிக்க முயலவில்லை. குறைவாக வாசித்தார். ஒரு நோட்டை அடித்துவிட்டு அது அழிகிற வரைக்கும் காத்திருந்தார். அந்தக் கைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பிறகு தனியாகக் குழு ஆரம்பித்தபோது ஃப்ளீட்வுட் வந்துவிட்டார். மெக்வீ வரத் தயங்கினார். மேயாலிடம் சம்பளம் நிலையாக வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு யார் வருவார்? ஆனாலும் கிரீன் அவர் பேரைச் சேர்த்தே குழுவுக்குப் பேர் வைத்தார். ஆகஸ்டில் முதல் மேடை ஏறியபோதும் பேஸ் வாசித்தது வேறொருவர். சில வாரம் கழித்துத்தான் மெக்வீ வந்து சேர்ந்தார்.

அந்தக் குழு அப்போது வாசித்தது சுத்தமான புளூஸ். பன்னிரண்டு தாள அளவு, மூன்று கோர்ட், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துக்கத்திலிருந்து வந்த பாட்டு. இங்கிலாந்துப் பையன்கள் அதைக் கற்றுக்கொண்டு வாசித்தார்கள். 1968 முடிவதற்குள் குழுவில் கிடார்காரர்கள் மட்டும் மூன்று பேர்: கிரீன், ஜெரமி ஸ்பென்சர், டேனி கிர்வன். பாட்டே இல்லாத, வெறும் கிடாரில் நகர்கிற அவர்களுடைய ஓர் இசைத்துண்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது.

அப்புறம் விழ ஆரம்பித்தது. 1970 மே மாதம் பீட்டர் கிரீன் போனார். மனம் உடைந்திருந்தது. சம்பாதித்த பணத்தையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்றார். அவருக்கு அப்புறம் பல வருடம் மனநோய்ச் சிகிச்சையில் போனது. அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். அடுத்து 1971 பிப்ரவரி. அமெரிக்காவில் சுற்றுப்பயணம். லாஸ் ஏஞ்சலஸில் ஜெரமி ஸ்பென்சர் புத்தகக் கடைக்குப் போய் வருகிறேன் என்று ஓட்டலிலிருந்து கிளம்பினார். திரும்பவே இல்லை. சில நாள் தேடிய பிறகு ஒரு மதக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. 1972 ஆகஸ்டில் டேனி கிர்வன், கச்சேரிக்கு முன்னால் தன் கிடாரையே உடைத்துவிட்டு மேடை ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். குழுவை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டே கால் வருடத்தில் மூன்று கிடாரும் போய்விட்டது. கிடாரை நம்பியே பேர் வாங்கிய குழு அது.

இங்கேதான் தம்பிகள் கவனிக்க வேண்டும். தாளக்காரர்கள் இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? இன்னொரு பீட்டர் கிரீனைத் தேடவில்லை. 1970லேயே மெக்வீயின் மனைவி கிறிஸ்டீன் குழுவுக்குள் வந்தார். அவர் கீபோர்டு வாசிப்பவர், தாழ்ந்த, சூடான குரல். அவர் வந்ததும் கிடார் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வந்து உட்கார்ந்தது. 1971இல் பாப் வெல்ச் என்று கலிபோர்னியாக்காரர் ஒருவர் சேர்ந்தார். அவருடைய பாட்டெல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கும், புளூஸின் கனம் அதில் இல்லை. பழைய ரசிகர்கள் பலர் விட்டுப் போனார்கள். நல்ல விற்பனையும் இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தொகுப்பாவது வந்துகொண்டே இருந்தது. நான் அந்த இடைக்காலத் தொகுப்புகளை ரொம்ப வருடம் கழித்துத்தான் கேட்டேன். எனக்கு அவைதான் பிடிக்கும் என்று சொன்னால் சிலர் ஆச்சரியப்படுவார்கள். ஒரு குழு தன் புதுக் குரலைத் தடவித் தடவித் தேடுகிற சத்தம் அதில் கேட்கும்.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

1995இல் எங்கள் குழுவின் பாடகர் போனார். பெரிய குழுவிலிருந்து கூப்பிட்டார்கள், போனார். அதில் தப்பே இல்லை, பிள்ளைகுட்டி இருக்கிறது. நாங்கள் செய்ததுதான் தப்பு. அவரை மாதிரியே பாடுகிற ஓர் இளைஞனைப் பிடித்துக்கொண்டு வந்தோம். பாவம், அந்தப் பையன் நல்லாவே பாடுவான். பழையவர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கேயே வாங்குவான். காங்கயம் பக்கத்தில் ஒரு பண்டிகையில் கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி என்னிடம் வந்தார். "பாட்டு அதேதானுங் கண்ணு. அந்தப் பழைய தம்பிக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா? ஏன் வரலே?" என்று கேட்டார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் அந்தப் பையனை மேடையில் நிறுத்தி ராத்திரி முழுக்க என்ன செய்திருக்கிறோம் என்றால், போனவர் போய்விட்டார் என்பதை மூவாயிரம் பேருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறோம். அந்தப் பையன் பாடியதை ஒருத்தரும் கேட்கவில்லை. நகல் எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அசல் கண்முன்னால் வந்து நிற்கும். எட்டு மாதம் இருந்துவிட்டு அவன் வேறு வேலைக்குப் போனான். அவனுக்கென்று ஒரு குரல் இருந்திருக்கும். அதை நாங்கள் யாரும் கேட்டுப் பார்க்கவே இல்லை.

பேர் விசயமும் ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ளீட்வுட் மேக்குக்கு 1974இல் நடந்தது எந்தக் குழுவுக்கும் நடக்கக் கூடாதது. ஒரு சுற்றுப்பயணம் பாதியில் நின்றுபோனது. மேலாளர், இந்தப் பேர் எனக்குத்தான் சொந்தம் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களைச் சேர்த்து ஃப்ளீட்வுட் மேக் என்ற பேரிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். டிக்கெட் வாங்கிப் போனவர்கள் மேடையில் யாரென்றே தெரியாத முகங்களைப் பார்த்தார்கள். அப்புறம் வழக்கு. அசல் குழு லாஸ் ஏஞ்சலஸுக்கே குடிபெயர்ந்துதான் போராட வேண்டியிருந்தது. எங்களுக்கும் இதே மாதிரி நடந்திருக்கிறது. கச்சேரி பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் ஒருவர், எங்கள் பேரைச் சொல்லி அட்வான்ஸ் வாங்கி, தாராபுரம் பக்கம் வேறு ஆட்களை அனுப்பிவிட்டார். மறுவருடம் நாங்கள் போனபோது, "போன வருசம் ஏனுங்க அப்படிப் பாடுனீங்க" என்று கேட்டார்கள். ஒரு குழுவின் பேர் என்பது நோட்டீஸில் அடிக்கிற எழுத்து இல்லை. அது ஊர்க்காரர்கள் காதில் இருக்கிற ஒரு நம்பிக்கை. அதை வேறு யாராவது செலவழித்துவிட்டால் திரும்பச் சேர்க்க வருடக்கணக்காகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மான்செஸ்டரில் ஜாய் டிவிஷன் என்று ஒரு குழு. 1980 மே மாதம் அவர்களுடைய பாடகர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மீதி மூன்று பேரும் பேரையே விட்டுவிட்டார்கள். நியூ ஆர்டர் என்று வேறு பேர், கிடார்காரரே பாட ஆரம்பித்தார், கீபோர்டுக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள், எலக்ட்ரானிக் தாளம் வந்தது. பேர் அந்த மனுசனோடு போகட்டும் என்று விட்டுக் கொடுத்தார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்ப மரியாதையாகத் தெரிகிறது. ஜெனிசிஸ் என்ற குழுவில் 1975இல் பாடகர் போனதும் வெளியிலிருந்து பலரைப் பாடவைத்துப் பார்த்தார்கள். கடைசியில் பின்னால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பில் காலின்ஸ்தான் முன்னால் வந்து பாடினார். நம் ஆட்களிலும் உண்டு. எஸ்.பி.பி. மெல்லிசைக் குழு நடத்திய காலத்தில் அதில் முதலில் கிடார் வாசித்தவர் இளையராஜா. பிறகு அதே குழுவில் ஆர்மோனியத்துக்கு மாறினார். ஆள் மாறுவது மட்டும் மாற்றமில்லை, இருக்கிற ஆள் நாற்காலி மாறுவதும் மாற்றம்தான். தம்பிகளே, உங்களுக்குள்ளேயே யாராவது பாடுவார்களா என்று முதலில் பார்த்தீர்களா? கடையில் கேட்க நினைத்து விட்டுப்போன கேள்வி அது.

சரி, 1974இன் கடைசிக்கு வருவோம். இந்தக் கதையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

மிக் ஃப்ளீட்வுட் அடுத்த தொகுப்புக்கு ஸ்டூடியோ பார்க்கப் போகிறார். சவுண்ட் சிட்டி என்று ஓர் இடம். அங்கிருந்த தயாரிப்பாளர், இந்த அறையில் சத்தம் எப்படி வரும் என்று காட்டுவதற்காக ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுகிறார். லிண்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் என்ற ஜோடி 1973இல் போட்டு விலை போகாத தொகுப்பு. அந்தப் பெண் ஓட்டலில் பரிமாறி வீட்டு வாடகை கட்டிக்கொண்டிருந்த காலம். ஃப்ளீட்வுட் பாட்டைக் கேட்டுவிட்டு வந்துவிட்டார். சில வாரத்தில் பாப் வெல்ச்சும் விலகிவிட்டார். உடனே அந்தக் கிடார் ஞாபகம் வந்து கூப்பிட்டார். பக்கிங்ஹாம் சொன்னது ஒன்றுதான்: நான் வந்தால் ஸ்டீவியும் வருவார், இல்லையென்றால் நானும் இல்லை.

கிடாருக்கு ஆள் தேடிப் போன இடத்தில் பாட ஒரு பெண்ணும் சேர்ந்து வருகிறார். குழுவில் ஏற்கெனவே ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறார், கிறிஸ்டீன். ஃப்ளீட்வுட் என்ன செய்தார்? கிறிஸ்டீனிடம் கேட்டார். உனக்கு இது சம்மதமா, அந்தப் பெண்ணோடு உனக்கு ஒத்துப்போகுமா, நீ வேண்டாம் என்றால் வேண்டாம். எல்லோரும் ஒரு மெக்சிகன் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு பெண்களும் பேசிப் பார்த்தார்கள், பிடித்துப்போனது. ஆடிஷன் எதுவும் வைக்கவில்லை. புது வருடத்தோடு குழு ஐந்து பேரானது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை.

1996இல் பவானிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மிணி எங்கள் குழுவுக்கு வந்தார். சின்ன வயதிலிருந்து கும்மிப் பாட்டுச் சொல்லிப் பழகியவர். சினிமாப் பாட்டு அவ்வளவாகப் பாடியதில்லை. குரல் கீழே இருக்கும். ஒரிஜினல் ஸ்கேலில் எந்தப் பாட்டும் அவருக்கு ஒத்துவராது, இரண்டு கட்டை இறக்க வேண்டும். கீபோர்டு அண்ணனுக்கு அதுவே எரிச்சல். இன்னொன்று, ஒவ்வொரு அடியையும் பாடி முடித்ததும் ஒரு நொடி நிறுத்துவார். அடுத்த அடி எடுக்கத் தாமதமாகும். "ஏனுங் அம்மிணி நிறுத்தறீங்க, டிராக் தப்புது" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். அவராலும் மாற்ற முடியவில்லை. கும்மியில் ஒருத்தர் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் வாங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்களுக்காக விட்டுப் பழகிய இடைவெளி அது. நெஞ்சில் ஊறிப்போன நடை.

ஒரு ராத்திரி, சத்தியமங்கலத்துக்கு வடக்கே ஒரு கிராமம். டோலக் வாசிக்கிற அந்தியூர் அண்ணன், அந்த இடைவெளியில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சின்னத் தீர்மானம், அதாவது தாளத்தை முடித்துக் காட்டுகிற அடி, வைத்தார். நான் அடுத்த அடியில் அதே இடத்தில் இரண்டு நோட்டுப் போட்டேன். அடுத்த சரணத்தில் கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் கை தட்டி அந்த அடியைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களுக்கும் அந்த இடைவெளி தெரியும். அவர்களும் கும்மி அடித்தவர்கள்தான். எங்கள் மேடைக்கும் ஜனத்துக்கும் நடுவில் இருந்த தூரம் அன்றைக்குப் போயிற்று. அந்த வருடத்திலிருந்து எங்கள் குழுவின் சத்தமே வேறு. எலக்ட்ரானிக் தாளம் போடுகிற ரிதம் பேடைக் குறைத்தோம். சில ஊர்களில் உள்ளூர் ஜமாப் மேளக்காரர்களையும் மேடைக்குக் கூப்பிட்டோம். லீட் கிடார் இருந்த இடத்தில் அம்மிணி விட்ட இடைவெளி இருந்தது. எந்தத் திட்டமும் போட்டு இதை நாங்கள் செய்யவில்லை. வந்தவருடைய பழக்கம் ஒன்று இருந்தது, அதைத் திருத்தப் பார்த்துத் தோற்றோம், தோற்ற இடத்தில் எங்கள் இசை இருந்தது.

ஆனால் எங்களோடு பத்து வருடமாகப் பாடிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் இருந்தார். ஜானகியம்மா பாட்டு, சித்ரா பாட்டு எல்லாம் அவர்தான். புது ஆள் வருகிறார் என்பதை நாங்கள் அவரிடம் சொன்னதுகூட இல்லை. ஒரு நாள் வேனில் ஏறியபோது அவருடைய சீட்டில் அம்மிணி உட்கார்ந்திருந்தார். அக்கா ஒன்றும் பேசவில்லை. பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ஸ்கேல் இறக்கியதால் இருவரும் சேர்ந்து பாடுகிற பாட்டில் அக்காவுக்கு எடுப்பாக வரவில்லை. ஏழு மாதத்தில் நின்றுகொண்டார். பத்து வருடம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போய், அன்றைக்கு உங்களைக் கேட்டிருக்க வேணும் அக்கா என்றேன். காப்பி கொடுத்துவிட்டு, "கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஃப்ளீட்வுட் மேக்கில் கேட்டதால் என்ன ஆனது என்று கேளுங்கள். மூன்று பேர் பாடினார்கள், மூன்று விதக் குரல். கிறிஸ்டீன் நடுவில், ஸ்டீவி கரகரப்பாக ஒரு பக்கம், பக்கிங்ஹாம் மேலே. சேர்ந்து பாடும்போது யார் எது என்று பிரிக்கவே முடியாது. பக்கிங்ஹாம் தந்தியை மீட்டுகிற பிளெக்ட்ரம் துண்டு இல்லாமல் விரலாலேயே கிடாரை மீட்டுவார், அதனால் கிடார் கத்தாமல் கொட்டுகிற மாதிரி விழும். கீழே அதே இரண்டு பேர், அதே தாளம். 1975இல் வந்த தொகுப்பு உடனே ஓடிவிடவில்லை. ஊர் ஊராகப் போய் வாசித்து, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து 1976 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அந்த மேடைகளில் பீட்டர் கிரீன் காலத்து 'ஓ வெல்' பாட்டையும் பக்கிங்ஹாம் பாடுவார், ஆனால் தன் பாணியில், வேறு வேகத்தில். பழையதை ஒதுக்கவும் இல்லை, நகலெடுக்கவும் இல்லை.

அடுத்தது 1977, என் கேசட். அதைப் பதிவு செய்த காலத்தில் மெக்வீயும் கிறிஸ்டீனும் பிரிந்துவிட்டார்கள். பக்கிங்ஹாமும் ஸ்டீவியும் பிரிந்துவிட்டார்கள். ஃப்ளீட்வுட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாட்டுக்கு அந்த ஒருவரே உட்கார்ந்து வாசித்தார்கள். என் இரண்டு நோட்டுப் பாட்டு அப்படித்தான். பக்கிங்ஹாமைப் பிரிந்த ஸ்டீவி எழுதியது, கிடார் வாசித்தது பக்கிங்ஹாம். அதே தொகுப்பில் ஐந்து பேர் பேரிலும் பதிவான பாட்டு ஒன்றே ஒன்று, 'தி செயின்'. தனித்தனித் துண்டுகளாகப் பதிவு செய்ததை வெட்டி ஒட்டிச் செய்தது. நடுவில் எல்லாம் நின்றுபோய், மெக்வீயின் பேஸ் மட்டும் தனியாக எழுந்து வரும். இங்கிலாந்தில் கார் பந்தய ஒளிபரப்புக்கு பி.பி.சி. பல வருடம் அந்தத் துண்டைத்தான் போட்டது. அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. உலகம் முழுக்க நாலு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

ஆக, தாளம் நின்றால் போதும், எல்லாம் நடக்கும் என்று நான் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது உண்மையில்லை. 1979இல் ஒருவரும் விலகாமலே அவர்கள் சத்தத்தை மாற்றினார்கள். பக்கிங்ஹாமுக்கு அதே வெற்றியைத் திரும்பச் செய்ய இஷ்டமில்லை. இரட்டைத் தொகுப்பு போட்டார்கள். அதில் ஒரு பாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவை விளையாட்டு மைதானத்தில் நிறுத்திப் பதிவு செய்தார்கள். நம் ஊர் ஜமாப் மாதிரி காது அதிரும். முந்தையது விற்றதில் சிறு பங்குதான் அது விற்றது. எனக்கு அந்தத் தைரியம் பிடித்திருக்கிறது. 1987இல் பக்கிங்ஹாம் போனபோது அவர் இடத்துக்கு இரண்டு பேரைச் சேர்த்தார்கள். இடையில் திரும்பி வந்த அவரை 2018இல் அனுப்பியபோதும் இரண்டு பேர். ஒரு மனுசன் எத்தனை வேலை செய்துகொண்டிருந்தான் என்பது அவன் போன பிறகுதான் தெரிகிறது. 1995இல் பக்கிங்ஹாமும் ஸ்டீவியும் இல்லாமல் ஒரு தொகுப்பு போட்டார்கள். தாளக்காரர்கள் இருவரும் அதில் இருந்தார்கள், கிறிஸ்டீனும் பாடினார். அது அமெரிக்காவின் முதல் இருநூறில்கூட வரவில்லை.

நான் இதை யோசித்துப் பார்த்தது எங்கே என்றால் ஈரோட்டில் பெரிய மாரியம்மன் கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற இடத்தில். பங்குனியில் பார்த்திருப்பீர்கள். ஆடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், களைத்தவர் வெளியே வருவார், இன்னொருவர் உள்ளே போவார். மேளக்காரர் நிறுத்த மாட்டார். ஆனால் உற்றுக் கேட்டால், உள்ளே இருக்கிறவன் கால் எப்படி விழுகிறதோ அதற்குத் தகுந்தபடி மேளக்காரர் கை ஒரு நூலளவு மாறும். வேகமாகச் சுற்றுகிறவனுக்கு ஒரு கை, கனமாக மிதிக்கிறவனுக்கு ஒரு கை. ஃப்ளீட்வுட்டும் மெக்வீயும் பீட்டர் கிரீனுக்கு வாசித்த கையை ஸ்டீவிக்கு வாசிக்கவில்லை. அந்த இரண்டு நோட்டுப் பாட்டு அந்தப் பெண்ணின் காலைப் பார்த்து வந்தது. யார் வந்தாலும் ஒரே மாதிரி அடிக்கிற கை இருந்தால் அங்கே ஆட்டம் நிற்காது, ஆனால் சூடு பிடிக்காது.

கிறிஸ்டீன் 2022 நவம்பரில் காலமானார். பீட்டர் கிரீன் அதற்கு இரண்டு வருடம் முன்னால். எங்கள் குழுவும் இப்போது இல்லை. அம்மிணி பேரன் பேத்தியோடு பவானியில் இருக்கிறார். அக்காவை இன்றைக்குக் கூப்பிட்டேன். முழங்கால் வலி, முடிந்தால் வருகிறேன் என்றார்.

தம்பிகளே, போன வாரம் உங்கள் பயிற்சிக்கு வந்திருந்தேன். உங்களில் கீபோர்டு வாசிக்கிற பெண், கோர்ட் மாறும்போது வாய்க்குள் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் குரலும் கீழே இருக்கிறது. அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் இதை மேடையில் சொல்கிறேன். ஒரு பாட்டுப் பாட ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பேஸ் கொண்டு வந்திருக்கிறேன். அந்தியூர் அண்ணனும் டோலக்கோடு வந்திருக்கிறார், 1986இல் முதல் கச்சேரிக்கு வாசித்த அதே டோலக். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் பாட்டு புதிது. பாடப்போகிற இந்தக் கீபோர்டு அம்மிணி எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அண்ணா, மேலே வாங்க. ஸ்கேல் அவங்களுக்கு எது வசதியோ அது. தம்பி, மானிட்டரில் டோலக்கைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்க.